ஒத்தோர் துணை

ஒரே நிலையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் 'பியர் சப்போர்ட்' என்பதைச் 'சகபாடி ஆதரவு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. சகபாடி என்றால் கூடப் படித்தவர். அது போகட்டும், சிக்கல் 'ஆதரவில்' இருக்கிறது. மனைவியை அடித்தவர்கள் அதை விடுவதற்காகப் போனில் எழுதிப் பேசும் குழுவுக்கு அப்படிப் பெயர் வைத்தால், அடித்தவன் பக்கம் நிற்கிறார்கள் என்றுதான் தேயிலைத் தோட்டத்தில் பேச்சு வரும்.

'பியர்' பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதன் இலத்தீன் மூலமான 'பார்' சமம் என்ற பொருளது. தமிழில் ஒத்தோர். 'துணை' நமக்குப் புதிதல்ல, 'கவுன்சலிங்'கை இலங்கையில் உளவளத்துணை என்றுதானே சொல்கிறோம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்றம் ஒருவரை உளவளத்துணைக்குப் போகும்படி கட்டளையிடவும் முடியும்.

ஆனால் துணை நிற்பது வேறு, துணை போவது வேறு. 'ஒத்து'க்கும் அப்படியொரு மறுபக்கம் உண்டு. நாதசுரத்தின் பின்னால் ஒரே சுருதியை விடாமல் பிடிக்கும் குழலுக்குப் பெயர் ஒத்து. ஒத்தூதுவது என்பது அதிலிருந்து வந்தது. இந்தக் குழுக்கள் கெடுவதும் அதனால்தான்.

"அவ வாய்தான் காரணம்" என்று ஒருவர் எழுதுகிறார். "ஆமா மச்சான், எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று பதில் வந்தால் அது ஒத்தூதல். "கைய நீட்டினது யாரு அண்ணே? அதுக்கு முந்தின நிமிசம் என்ன நடந்துச்சு?" என்பதே துணை. முதல் வகைப் பதில் குழுவுக்குள் போகுமுன்பே நிறுத்தப்பட வேண்டும். அதனால் ஒவ்வொரு செய்தியையும் உளவளத்துணையாளர் பார்த்த பிறகே வெளியிட வேண்டும். 8 பேருக்கு மேல் சேர்த்தால் அது நடக்காது.

வாட்ஸ்அப் குழு இதற்கு உதவாது, எல்லோருடைய இலக்கமும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். உறுப்பினர்களுக்குள் புனைபெயர் போதும்; உளவளத்துணையாளரிடம் உண்மைப் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். ஒரே தோட்டத்தார் இருவரைச் சேர்த்தால், வீட்டை விட்டுப் போன பெண் எங்கே இருக்கிறாள் என்பது இரண்டே நாளில் கசிந்துவிடும். குரல் செய்தியும் வேண்டாம், தோட்டத்து வரிசை வீடான லயக் காம்பராவில் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். ஒரே போனை வீடே பாவிப்பதால் பூட்டுத் திரையில் செய்தி தெரியாதபடி அமைக்க வேண்டும்.

கழுத்தை நெரித்தது, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் காட்டியது, அவள் பிரிந்து போகப்போவது ஆகியவை கொலை வரை போகக்கூடிய அறிகுறிகள். இவை குழுப் பேச்சுக்குரியவை அல்ல. அன்றைக்கே அந்தப் பெண்ணுக்கென இருக்கும் தனிப் பணியாளருக்குச் சொல்ல வேண்டும். இரகசியத்துக்கு இப்படியொரு எல்லை உண்டென்பதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

குழுவுக்கு வந்ததற்கு உறுப்பினர் கடிதம் கேட்டால், வந்த நாட்களின் எண்ணிக்கையை மட்டும் எழுதிக் கொடுக்கலாம். 'திருந்திவிட்டார்' என்று எழுதினால் அதைக் காட்டித்தான் மனைவியைத் திரும்பக் கூப்பிடுவார்.