நம்பிக்கையற்ற கதைசொல்லியாம்!

துப்பறியும் நாவல் மதிப்புரை எதை எடுத்தாலும் இப்போது ஒரு 'நம்பிக்கையற்ற கதைசொல்லி' வந்து நிற்கிறார். சொல்வதை அப்படியே நம்ப முடியாத கதைசொல்லியைக் குறிக்கும் 'அன்ரிலையபிள் நரேட்டர்' (unreliable narrator) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாம் இது. படித்தால், பாவம், அந்த ஆளுக்கு வாழ்க்கையே வெறுத்துவிட்டது போலிருக்கிறது. தமிழில் நம்பிக்கையற்றவர் என்றால் நம்பிக்கை இழந்தவர். மிஞ்சிப்போனால் கடவுளை நம்பாதவர். இங்கே நம்ப முடியாமல் தவிப்பது வாசகரல்லவா?

அன்ரிலையபிள் நரேட்டர் என்ற கலைச்சொல்லை 1961இல் வழங்கியவர் அமெரிக்கத் திறனாய்வாளர் வெய்ன் பூத். கதை சொல்பவரின் பேச்சும் நடத்தையும் அந்தப் படைப்பின் மதிப்பீடுகளோடு முரண்பட்டால் அவர் இந்த வகை. ஆங்கிலச் சொல்லின் வேர், 'கட்டு' என்று பொருள்படும் லத்தீன் வினை. நம் 'நம்பு' முற்காலத்தில் விருப்பத்தைக் குறித்தது. 'நம்பும் மேவும் நசையா கும்மே' என்கிறது தொல்காப்பியம். வேர் இவ்வளவு போதும்.

'பொய்யுரைக்கும் கதைசொல்லி' என்றொரு போட்டிச் சொல்லும் உலவுகிறது. கேட்கத் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் தப்பு. அகதா கிறிஸ்டி 1926இல் எழுதிய ரோஜர் அக்ராய்ட் கொலை நாவலைப் பாருங்கள். (இத்தனை வருஷத்துக்குப் பிறகும் முடிவைச் சொல்லக் கூடாதென்றால் எப்படி?) கதை சொல்லும் டாக்டர் ஷெப்பர்டுதான் கொலைகாரர். அக்ராய்டுக்குக் கடிதம் 8.40க்கு வந்தது, தான் 8.50க்கு அவர் அறையைவிட்டு வெளியேறியபோது அது இன்னும் படிக்கப்படாமல் இருந்தது என்று எழுதுகிறார். இரண்டும் உண்மை. நடுவில் கொலை நடந்த பத்து நிமிஷத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. இதைப் பொய் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது? 1868இல் வந்த வில்கி காலின்ஸின் சந்திரகாந்தக் கல் நாவலில் நிலைமை இன்னும் மோசம். கதை சொல்பவர்களில் ஒருவரான ஃபிராங்க்ளின் பிளேக் அபின் மயக்கத்தில் வைரத்தைத் தானே எடுத்துவிட்டு, அது தெரியாமலே திருடனைத் தேடுகிறார். அவரைப் பொய்யர் என்பது அநியாயம்.

'ஐயத்துக்குரிய கதைசொல்லி' வேண்டவே வேண்டாம். கொலைக் கதையில் சமையற்காரர் முதல் எல்லோருமே ஐயத்துக்குரியவர்கள்தான். 'நம்பகமற்ற' பரவாயில்லை, பொறுத்துக்கொள்ளலாம். புள்ளிவிவரத்துக்கும் செய்திக்கும் சொல்கிற வாடைதான் கொஞ்சம் அடிக்கிறது. என் ஓட்டு 'நம்பத்தகாத கதைசொல்லி'க்கு. பொய்யரும் மறைப்பவரும் தன்னையே அறியாதவரும் அதற்குள் அடங்குவார்கள்.

இதைவிடக் கொடுமை, கதைசொல்லி என்று வரவேண்டிய இடத்தில் 'கதாசிரியர்' என்று எழுதுவது. ஷெப்பர்டு மறைத்தார், கிறிஸ்டி எல்லாவற்றையும் நம் கண்முன்னேதான் வைத்தார். சில மொழிபெயர்ப்பாளர்களோ வாசகருக்குப் புரியாதோ என்று பதறி, மூலத்தில் வேண்டுமென்றே விட்ட இடைவெளியில் இரண்டு வார்த்தை செருகிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு, பின்னட்டையிலேயே 'நம்பிக்கையற்ற கதைசொல்லி சொல்லும் கொலைப் புதிர்' என்று அச்சடித்து விற்கிறார்கள். சொல்லும் தப்பு, கொலைகாரர் யாரென்றும் பாதி சொல்லியாகிவிட்டது.