கமாண்டோ: அதிரடிப்படையா, குடிப்படையா?

போன மாதம் எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்புப் பிள்ளைகளைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் உள்ள ஸ்பியோன் கோப் குன்றுக்கு அழைத்துப் போயிருந்தோம். 1900 ஜனவரியில் பிரிட்டிஷ் படையும், டச்சுக் குடியேறிகளின் வழிவந்த போயர்களும் மோதிக்கொண்ட இடம். மேலே நின்றபடி ஒரு பையன் கேட்டான்: "மாமா, கமாண்டோவுக்குத் தமிழ்ல என்ன?" யோசிக்காமல் "அதிரடிப்படை" என்று சொல்லிவிட்டேன். டர்பன் திரும்பும் வழியிலேயே அது தவறு என்று உறுத்தத் தொடங்கியது. அவன் கேட்டது அந்தக் குன்றில் போரிட்ட கமாண்டோவைப் பற்றி. நான் சொன்னது தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் வரும் கறுப்புச் சீருடைக் கமாண்டோவுக்கான சொல். இரண்டும் ஒன்றல்ல.

லத்தீனில் மானுஸ் என்றால் கை, தாரே என்றால் கொடுத்தல். இவை சேர்ந்து பிறந்த மந்தாரே என்ற வினைக்குக் கையில் ஒப்படைத்தல் என்று பொருள். பிறகு அது ஆணையிடுதல் ஆயிற்று. அந்த வழியில் போர்ச்சுகீசியத்தில் வந்த 'கொமாண்டோ', ஆணையையும் ஆணைக்குக் கீழ் உள்ள படையையும் குறித்தது. 1652இல் கேப் முனையில் குடியேறத் தொடங்கிய டச்சுக்காரர்களின் பேச்சில் அது நுழைந்து ஆஃப்ரிகான்ஸ் சொல்லாகவே ஆகிவிட்டது. ஆங்கிலம் இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. நாம் 'கமாண்டோ' என்று எழுதுவது ஆங்கில உச்சரிப்பைப் பார்த்து. ஈழத்தில் 'கொமாண்டோ' என்று எழுதுகிறார்கள். மூல ஒலிக்கு அதுதான் நெருக்கம்.

போயர் என்றால் டச்சு மொழியில் உழவர். அவர்களுடைய இரு குடியரசுகளான டிரான்ஸ்வாலிலும் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டிலும் பீரங்கிப் பிரிவையும் போலீஸையும் தவிர நிலையான படை கிடையாது. பதினாறு வயது முதல் அறுபது வரை உள்ள ஒவ்வொரு வெள்ளையின ஆணும், அழைப்பு வந்தால் சொந்தக் குதிரையோடும் துப்பாக்கியோடும் சில நாள் உணவோடும் வந்து நிற்க வேண்டும். பெரும்பாலும் அந்த உணவு பில்டாங்: நம் உப்புக்கண்டம்தான், வினிகரும் கொத்தமல்லி விதையும் சேர்த்துக் காயவைத்தது. சீருடை இல்லை. தலைவரைத் தாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். இப்படித் திரண்ட கூட்டத்துக்குப் பெயர் கமாண்டோ. தனி ஆளை யாரும் கமாண்டோ என்று சொன்னதில்லை. "கமாண்டோவில் போயிருக்கிறார்" என்பார்கள். தமிழ்ப் பத்திரிகைகள் 'கமாண்டோ வீரர்' என்று எழுதுவது அந்த வகையில் சரிதான்.

ஆனால் இந்தச் சொல் பிறந்தது நாட்டைக் காக்க அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் கமாண்டோ கிளம்பியது அந்த மண்ணின் பூர்வகுடிகளான கொய், சான் மக்கள் மேல். 1774இல் சான் மக்களை வேட்டையாடிய ஒரே பெரிய கமாண்டோவில் மட்டும் ஐந்நூறு பேர் வரை கொல்லப்பட்டார்கள். பிறகு 1858இலும் 1865இலும் ஃப்ரீ ஸ்டேட் கமாண்டோக்கள் பசோத்தோ நாட்டின் மேல் பாய்ந்தன. மன்னர் மொஷேஷ்வே தாபா போசியு என்ற தட்டை உச்சி மலையில் இருந்துகொண்டு தாக்குப்பிடித்தார். நாம் மலையரண் என்று சொல்வது அதைத்தான். 1865 ஆகஸ்டில் மலையேறித் தாக்க வந்த போயர் தளபதி லோவ் வெப்பனர் அங்கேயே செத்தார். மலை விழவில்லை. ஆனால் கீழே பயிரும் மாடும் போயின. மொஷேஷ்வே பிரிட்டனின் பாதுகாப்பைக் கேட்டு 1868இல் பெற்றார். கேலிடன் ஆற்றுக்கு மேற்கே நல்ல விளைநிலத்தை இழந்தார், நாட்டை இழக்கவில்லை. அதுதான் இன்றைய லெசோத்தோ. நான்கு புறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்திருக்க, 1966 முதல் தனி நாடாக நிற்கிறது. பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்ட கதை தெரிந்தவர்களுக்கு ஒன்று புரியும்: பாரிக்கும் மலையரண் இருந்தது, வெளித்துணை இல்லை.

முப்பது ஆண்டில் நிலைமை புரண்டது. 1886இல் டிரான்ஸ்வாலின் விட்வாட்டர்ஸ்ரான்டில் தங்கம் கிடைத்தது. கேப், நேட்டால் இரண்டும் பிரிட்டன் கையில் இருந்ததால் போயர்களின் அண்டை வீடே ஒரு பேரரசு. 1899 அக்டோபரில் போர் மூண்டது. பிரிட்டன் இறக்கியது மொத்தம் ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர். போயர்கள் ஒரு லட்சத்தைத் தொடவில்லை. 1900 மார்ச்சில் புளூம்ஃபோன்டைனும் ஜூனில் பிரிட்டோரியாவும் விழுந்தன. இரண்டு தலைநகரும் போன பிறகு போர் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கிறிஸ்டியான் டி வெட், கூஸ் டி லா ரே போன்ற போயர் தளபதிகளின் சிறு கமாண்டோக்கள் ரயில் பாதையைத் தகர்த்தும் உணவு வண்டிகளை மடக்கியும் இன்னும் இரண்டு ஆண்டு இழுத்தடித்தன.

இதற்குக் கரந்தடிப் போர் என்று தமிழில் நல்ல சொல் உண்டு. கரந்து, அதாவது மறைந்து, அடிப்பது. வெட்சி, கரந்தை என்னும் திணைகளில் வரும் கரந்தைப் பூவோடு இதைச் சிலர் முடிச்சுப் போடுவது தவறு; அது மாடு மீட்கப் போகிறவர்கள் சூடிய பூ. கெரில்லா என்ற ஸ்பானியச் சொல்லுக்கு நேர்பொருள் 'சிறுபோர்'. நெப்போலியன் படையை ஸ்பெயின் மக்கள் எதிர்த்த 1808-14 காலத்தில் பரவியது. ஆனால் கரந்தடி என்பது போரிடும் முறை. கமாண்டோ என்பது போரிடுகிறவர்கள். ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்க முடியாது.

சரி, அந்தப் போரிடுகிறவர்களுக்கு என்ன சொல்? திருக்குறள் உரையில் பரிமேலழகர் ஆறு வகைப் படை சொல்கிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. இவற்றில் நாட்டுப்படை பொருந்தும் என்று முதலில் நினைத்தேன். இன்று அதை எழுதினால் 'தேசிய ராணுவம்' என்று படித்துவிடுவார்கள். ஆகவே குடிப்படை என்பதே என் தேர்வு. குடி என்றால் குடிமகன், குடும்பம், வீடு, ஊர் எல்லாம்தான். கமாண்டோவின் பலம் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது: பண்ணை வீடு சோறு போட்டது, மனைவி உளவு சொன்னாள், பக்கத்துப் பண்ணை குதிரை கொடுத்தது.

பலவீனமும் அங்கேதான். பிரிட்டிஷ் தளபதி கிச்சனர் அதைப் புரிந்துகொண்டு படையை விட்டுவிட்டுக் குடியைத் தாக்கினார். ஏறத்தாழ முப்பதாயிரம் பண்ணை வீடுகள் எரிக்கப்பட்டன. பெண்களும் பிள்ளைகளும் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். இருபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட போயர்கள் அங்கே நோயிலும் பட்டினியிலும் மாண்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கறுப்பின மக்களுக்குத் தனி முகாம்கள். அங்கே செத்தவர்களைச் சரியாக எண்ணக்கூட இல்லை. பதினான்காயிரமாவது இருக்கும். 1902 மே 31 அன்று போயர்கள் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது களத்தில் இன்னும் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் துப்பாக்கியோடு நின்றார்கள். படை தோற்கவில்லை; அதைத் தாங்கிய குடி அழிந்துவிட்டது. சின்ன நாடு பெரிய அண்டை நாட்டை எதிர்த்து நிற்க முடியுமா என்று கேட்கிறவர்கள் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, வீட்டில் இருப்பவர்களைக் காக்க அந்த நாட்டுக்கு வழி இருக்கிறதா என்பதை. மொஷேஷ்வேக்கு ஒரு வழி கிடைத்தது. டி வெட்டுக்குக் கிடைக்கவில்லை. அந்த 1902 ஒப்பந்தத்திலேயே, கறுப்பின மக்களின் வாக்குரிமையைத் தன்னாட்சி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிட்டார்கள். வென்றவரும் தோற்றவரும் சேர்ந்து செய்த காரியம் அது.

அதிரடிப்படை என்ற பொருள் வந்தது 1940இல்தான். பிரிட்டன் திடீர்த் தாக்குதலுக்கென ஒரு பொறுக்கியெடுத்த படையைத் தொடங்கியபோது, ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த டட்லி கிளார்க் என்ற அதிகாரி போயர் நினைவில் இந்தப் பெயரைச் சொன்னார். 1899இல் போயர்களிடம் பிடிபட்டுத் தப்பியவரான சர்ச்சில்தான் அப்போது பிரதமர். அப்புறம் உலகம் முழுக்க அந்தப் பொருளே நிலைத்தது. அதற்கு அதிரடிப்படை மிகப் பொருத்தமான தமிழ். 1940க்கு முந்தைய கமாண்டோவுக்குக் குடிப்படை என்று எழுதுங்கள்.

அந்தப் பையனின் முன்னோர்கள் காதில் இந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும் என்றும் யோசித்தேன். 1899 அக்டோபரில் போயர் கமாண்டோக்கள் நேட்டாலுக்குள் புகுந்தபோது, வடக்கே நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்த நம்மவர்கள் மூட்டையோடு தெற்கே ஓடிவந்தார்கள். அவர்களுக்குக் கமாண்டோ என்றால் படையெடுத்து வந்தவன். காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் சுமார் எண்ணூறு பேர் ஒப்பந்தக் கூலிகள், அதில் தமிழர்களும் உண்டு. ஸ்பியோன் கோப்பில் அடிபட்டவர்களைத் தோளில் சுமந்து நாளுக்கு இருபது மைலுக்கு மேல் நடந்தார்கள். அடுத்த வகுப்பில் அந்தப் பையனிடம் முதலில் குடிப்படை என்று திருத்திச் சொல்வேன். பிறகு அந்தக் குன்றில் நம் ஆட்கள் சுமந்ததற்கு உரிய சொல்லையும் கற்றுக்கொடுப்பேன்: டோலி.