வாசலில் இரண்டு கார்: எதை எடுப்பது, எதை நிறுத்துவது

மன்னார்குடியிலோ திருவாரூரிலோ ஒரு வீட்டு வாசலில் இரண்டு கார் நின்றால் ஜோடி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தஞ்சாவூர் ஆஸ்பத்திரி, திருச்சி ஏர்போர்ட், கல்யாணம் காட்சி என்று போய்வர ஒரு பெரிய டீசல் வண்டி. கடைத்தெரு, பள்ளிக்கூடம், வயல் என்று சுற்ற ஒரு சின்ன பெட்ரோல் வண்டி. வாங்கும்போது சரியாக இருந்த இந்தப் பங்கீடு ஆறு மாதத்தில் குலைந்துவிடும். எந்தச் சாவி கைக்குக் கிடைக்கிறதோ, எந்த வண்டி கேட்டுக்கு முன்னால் நிற்கிறதோ, அது கிளம்பும். செலவு ஏறத் தொடங்குவதும் அங்கிருந்துதான்.

இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடைக்குப் போய்வருவதை எடுத்துக்கொள்வோம். இன்ஜின் ஒழுங்காக வேலை செய்ய அதன் கூலன்ட் (இன்ஜினைச் சுற்றி ஓடிச் சூட்டைக் கட்டுப்படுத்தும் திரவம்) ஏறக்குறைய 90 டிகிரிக்கு வர வேண்டும். 30 டிகிரி நமக்குத்தான் புழுக்கம். இன்ஜினுக்கு அது குளிர். பரவலாகப் புழங்கும் 5டபிள்யூ-30 ரக இன்ஜின் ஆயில் 40 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ, 100 டிகிரியில் அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். அந்தச் சூடு வரும்வரை பிஸ்டனும் பேரிங்கும் கெட்டி ஆயிலோடு மல்லுக்கட்டியே ஓடுகின்றன. பெட்ரோல் வண்டியில் முதல் சில நிமிடங்களுக்கு, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் கொஞ்சம் கூடுதலாக விடும். டீசல் இன்ஜின் கனமானது, வீணாகும் வெப்பமும் குறைவு. அதனால் சூடேற இன்னும் நேரமாகும். கடைக்குப் போய்ச் சேரும்போதும் அது முழுதாகச் சூடாகியிருக்காது.

டீசல் வண்டிக்கு இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு விற்ற டீசல் கார்களில், புகை வெளியேறும் பாதையில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அது கரித்தூளைப் பிடித்துச் சேர்த்துவைத்து, ஓரளவு நிறைந்ததும் எரித்துவிடும். எரிவதற்குச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அதற்காகக் கம்ப்யூட்டர் கூடுதல் டீசலைத் தெளிக்கும். வண்டியும் நெடுஞ்சாலை வேகத்தில் கால் மணி நேரம், இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். கடைவாசலில் சாவியைத் திருப்பி அணைத்தால் வேலை பாதியில் நின்றுபோகும். மறுநாளும் அதே கதை. பல வண்டிகளில் இந்தக் கூடுதல் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாகக் கசிந்து ஆயிலில் கலக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறியிருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். அது டீசல் கலந்து நீர்த்த ஆயில், உடனே மாற்ற வேண்டும். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் வண்டியை அணைக்காமல் ஊருக்கு வெளியே கொண்டுபோய், இன்ஜின் சுழற்சி நிமிடத்துக்கு 2,000-க்கு (ஆர்பிஎம்) குறையாத கியரில், 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் விளக்கு அணையும்வரை ஓட்டுங்கள். அடைத்தே போனால் புது வடிகட்டிக்குப் பல பத்தாயிரங்கள் ஆகும். அந்தக் காசுக்கு எத்தனை முறை சின்ன வண்டியில் கடைக்குப் போயிருக்கலாம்!

ஆகவே ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் சின்ன வண்டி. இருபதைத் தாண்டி நாலு பேர் போவதானால் பெரிய வண்டி. இடைப்பட்ட தூரத்துக்கு எத்தனை பேர் போகிறோம் என்று பார்த்து முடிவெடுக்கலாம். பள்ளிக்கூடம், பாங்க், கடை என்று மூன்று முறை ஆறவிட்டு எடுப்பதைவிட ஒரே சுற்றில் முடித்தால் இன்ஜின் ஒரு தடவை சூடானால் போதும். ஒரு கிலோமீட்டருக்கு மொபெட் போதும், இரண்டு காருமே வேண்டாம்.

ஓட்டும் முறையில் டெல்டாக்காரர்கள் விடாத பழக்கம் நியூட்ரல். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம். ஒவ்வொன்றிலும் ஏறி, இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவார்கள். கார்பரேட்டர் காலத்தில் அதில் ஏதோ அர்த்தம் இருந்திருக்கலாம். இன்றைய இன்ஜினில் கியரில் இருந்தபடியே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இன்ஜினைச் சுற்றுவதால் கம்ப்யூட்டர் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டாலோ இன்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். போதாததற்கு, இன்ஜினே வண்டியின் வேகத்தை இழுத்துப்பிடிக்கும் இன்ஜின் பிரேக்கும் கிடைக்காது.

திருச்சி போகும் நாலுவழிச்சாலையில் கணக்கு வேறு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கூடுவது கால் பங்குதான்; எதிர்ப்பு கூடுவதோ 56 சதவீதம். 55 கிலோமீட்டருக்கு இதில் மிச்சமாவது எட்டு நிமிடம்.

டயரில் காற்று பிடிப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு, ஆறிய டயருக்கானது. காற்றின் சூடு ஐந்தரை டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அலகு) ஏறும். மத்தியானம் முப்பது கிலோமீட்டர் ஓட்டிவந்து பங்க்கில் பார்த்தால் 33 இருக்க வேண்டிய இடத்தில் 37 காட்டும். பையன் நாலைத் திறந்துவிடுவான். மறுநாள் காலை டயர் ஆறியதும் 29-தான் இருக்கும். அழுத்தம் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக நசுங்கி நிமிர்கிறது. அப்படி நசுங்குவதில் போகும் சக்தி வெப்பமாக வீணாகிறது. மைலேஜ் இறங்குவது போக, டயரின் இரண்டு ஓரமும் சீக்கிரம் தேயும். காற்று அதிகமானால் நடுப்பகுதி தேயும். நூற்றுக்கணக்கான ரூபாய்க்குக் கிடைக்கும், காற்றழுத்தம் காட்டும் ஒரு கேஜ் வாங்கி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலையில் வண்டி எடுக்குமுன் இரண்டு வண்டிக்கும் பாருங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்து.

அறுவடைக் காலத்துக்கென்று தனி வேலை இருக்கிறது. ரோட்டில் காயவைத்த நெல்லின் பதரும் வைக்கோல் தூசியும், வண்டியின் முன்பக்கம் ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சரின் தகடுகளுக்கிடையே அடைந்துகொள்ளும். வெப்பம் வெளியேற முடியாமல் கம்ப்ரெஸர் கூடுதல் அழுத்தத்தில் ஓடும். அந்தச் சக்தியும் டேங்க்கிலிருந்துதான் வர வேண்டும். தோட்டத்து ஹோஸில் மெதுவாக நீர் விட்டுக் கழுவலாம். வாட்டர் சர்வீஸ் ஜெட்டைக் கிட்டத்தில் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும். கதிரடிக்கப் பரப்பிய வைக்கோல்மேல் வண்டி ஏற்றாதீர்கள். அடியில் சுற்றிக்கொண்டு சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். வைக்கோல்போர் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் எலி பானெட்டுக்குள் குடியேறி ஒயரைக் கடிக்கும். கற்பூரமும் புகையிலையும் வாசனை போகும்வரைதான். ராத்திரியில் பானெட்டைத் திறந்துவைப்பது அதைவிட மேல். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று வேறு. வண்டியின் மேல்பகுதியைவிட அடிப்பகுதியைக் கழுவுவதுதான் அங்கே முக்கியம். கடலோர போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. உப்பு படிந்து உள்ளே அரிக்கும். கலந்து விற்கும் கூலன்ட்டையே ஊற்றுங்கள்.

சும்மா நிற்கும் வண்டிக்குச் செலவில்லை என்று நினைப்பது தப்பு. பூட்டிய காரிலும் அலாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 30 மில்லிஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருபது நாளில் நாற்பது சதவீதம் காலி. அந்த நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வராது. வெளிநாட்டுப் பிள்ளை லீவில் வரும்போது மட்டும் எடுக்கும் வண்டி என்றால் 10 எம்எம் ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தபடி வாரக்கணக்கில் விட்டால் பிரேக் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முதல் கியரில் நிறுத்துங்கள். ஓடாவிட்டாலும் ஆயிலுக்கு வருடக் கணக்கு உண்டு, கிலோமீட்டர் ஆகவில்லை என்று மாற்றாமல் விடக் கூடாது.

இன்சூரன்ஸில் க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் முதல் வருடம் 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருடத்தில் 50-ஐத் தொடும். நம் வண்டிக்கே ஆகும் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும்தான் இந்தத் தள்ளுபடி. பம்பர் கீறலுக்கு 3,000 ரூபாய் க்ளெய்ம் செய்து இதை இழப்பது நஷ்டம். ஒருவர் பெயரிலேயே இரண்டு வண்டியும் இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பாலிசியாக (ஃப்ளோட்டர் பாலிசி) கேட்டுப் பார்க்கலாம். குறைவாக ஓடும் வண்டிக்கு, ஓடும் தூரத்தைப் பொறுத்துப் பிரீமியம் கட்டும் வசதியும் உண்டு. இரண்டையும் 2022-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்தது.

கடைசியாக ஒரு கூட்டல், உதாரணத்துக்கு மட்டும். நாலு லட்சம் பெறும் இரண்டாவது வண்டி வருடத்தில் விலையில் இழப்பது 40,000, இன்சூரன்ஸ் 12,000, சர்வீஸ் 6,000, பேட்டரி, டயரின் வருடப் பங்கு 5,000 என்று வைத்தால் 63,000 ரூபாய். வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால் எரிபொருள் போடுவதற்கு முன்பே கிலோமீட்டருக்கு 21 ரூபாய். உங்கள் வண்டிக்கு இதைப் போட்டுப் பார்த்து, எரிபொருளையும் சேர்த்து, உள்ளூர் டாக்ஸி ரேட்டோடு ஒப்பிடுங்கள். டாக்ஸிக்குப் போக, வர இரண்டு தூரமும், டிரைவர் பேட்டாவும் சேர வேண்டும். அப்படியும் டாக்ஸிதான் மலிவு என்று வந்து, வண்டியை விற்றால், நோ க்ளெய்ம் போனஸுக்கான சான்றிதழைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். அந்தத் தள்ளுபடி வண்டியோடு போகாது, உங்களோடு வரும். மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குச் செல்லும்.