‘கேரியர்’ என்றால் நோயாளி அல்ல

நாய்களின் மரபணு சோதனையில் மாதிரி எடுப்பது சுலபம். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்தால் போதும். முடிவைச் சொல்லும்போதுதான் சிக்கல். தாளில் ‘கேரியர்’, அதாவது பழுதான மரபணுவின் ஒரு பிரதியைச் சுமப்பது, என்ற சொல் வந்துவிட்டால், அதற்குக் கீழே எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை.

லாப்ரடார் வளர்க்கும் ஒருவர் வந்திருந்தார். அவருடைய பெண் நாய், பார்வையைப் படிப்படியாகப் பறிக்கும் விழித்திரைச் சிதைவு நோய்க்கு கேரியர். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “வெளியில் தெரிய வேண்டாம் டாக்டர். இனி இதை இணை சேர்க்க மாட்டேன்” என்றார்.

அந்தத் தாளையே திரும்ப வாங்கி, பின்பக்கத்தில் நாலு கட்டம் போட்டேன். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என மரபணுவுக்கு இரண்டு பிரதிகள். இரண்டுமே பழுதானால்தான் இந்த நோய் வரும். இவளிடம் பழுதானது ஒன்றுதான். அதனால் இவள் கண்ணுக்கு ஆபத்தில்லை. பழுதே இல்லாத ஆண் நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் இந்த நோய் வராது. ஒவ்வொரு குட்டியும் கேரியராகப் பிறக்க 50 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான். குட்டிகளைச் சோதித்து, பழுதில்லாததை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேரியர்களையெல்லாம் ஒரேயடியாக ஒதுக்கினால், அவற்றின் நல்ல குணமும் உறுதியான மூட்டும் சேர்ந்தே போய்விடும். இனம் குறுகும். மிஞ்சுகிறவை நெருங்கிய உறவுகளாக இருக்கும். இதுவரை தெரியாத வேறொரு பழுது அவற்றில் ஜோடி சேர்ந்துகொள்ளும்.

இதைச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தைத்தான் எங்கள் துறை பெரும்பாலும் ஒதுக்குவதில்லை. ஆய்வுக் கட்டுரை வெளியானதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

அதன் விலையை டால்மேஷியன் இனத்தில் பார்க்கலாம். ஒரு மரபணுப் பழுதால் அவற்றின் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து, கல் உருவாகும். இனத்திற்குள்ளேயே சரியான பிரதி கிடைக்காததால், 1973-இல் அமெரிக்க மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் ஒரு பாயின்டர் நாயோடு ஒரே ஒரு முறை கலந்தார். பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷியன்களோடு மட்டுமே சேர்த்தார். அந்த வழி நாய்களுக்குக் கோளாறு நீங்கியது. ஆனாலும் “தூய இனம் கெட்டுவிடும்” என்று வளர்ப்போர் பலர் எதிர்த்தார்கள். 2008-இல் காரணமான மரபணு அடையாளம் காணப்பட்டது. அமெரிக்காவில் அந்த வழி நாய்களுக்கு முறையான பதிவு மீண்டும் கிடைத்தது 2011-இல்தான். எதிர்த்தவர்கள் நாயை வெறுத்தவர்கள் அல்ல. தங்கள் இனத்தின் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசுவதும் ஆராய்ச்சியில் சேர்ந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

லாப்ரடார்காரர் என் கட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலைபேசியில் படம் எடுத்தார். “இதை ஆண் நாய் வைத்திருப்பவருக்கு அனுப்பலாமா? அவர் நாயையும் சோதிக்கச் சொல்லணும்” என்றார்.