பைக் ஆயில் தரையில் சிந்துவது ஏன்?

மோட்டார் சைக்கிளின் என்ஜின் ஆயிலை வீட்டு வாசலிலேயே மாற்றிவிடலாம் என்று ஸ்பேனரை எடுத்தவர்களில் பலர், வேலை முடிந்தபின் தரையில் படிந்திருக்கும் கருப்புக் கறையைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை மெக்கானிக்கிடமே விட்டுவிடுவது என்று முடிவு செய்கிறார்கள். அந்தக் கறைக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் உண்டு. என்ஜினிலிருந்து இறங்கும் எண்ணெய் தொடக்கத்தில் ஓரிடத்திலும், சில நொடிகள் கழித்து வேறோர் இடத்திலும், கடைசியில் எதிர்பாராத மூன்றாவது இடத்திலும் விழுகிறது. அதைப் பிடிக்க வைத்த பேசினோ முதலில் வைத்த இடத்திலேயே இருக்கிறது. எண்ணெய் எப்போது எங்கே போகும் என்பது முன்கூட்டியே கணக்கிடக்கூடிய ஒன்று.

முதலில் வெப்பநிலை. 10டபிள்யூ-30 வகை ஆயிலின் பாகுநிலை, அதாவது பிசுபிசுப்பு, 40 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 70 சென்டிஸ்டோக்காகவும் (பாகுநிலையின் அலகு), 100 டிகிரியில் 10 அல்லது 11 சென்டிஸ்டோக்காகவும் இருக்கும். அதே 40 டிகிரியில் தண்ணீரின் பாகுநிலை ஒன்றுக்கும் குறைவு என்பதை நினைவில் கொண்டால், ஆறிப்போன ஆயில் தண்ணீரைப் போல நூறு மடங்கு பிசுபிசுப்பானது என்பது புரியும். அதனால்தான் ஆயிலை இறக்குவதற்கு முன் என்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிடச் சொல்கிறார்கள். இளகிய எண்ணெய் விரைவாக இறங்குவது மட்டுமின்றி, அடியில் தங்கியிருந்த கரித்துகளும் நுண்ணிய உலோகத் துகளும் கலங்கி அதனுடன் சேர்ந்தே வெளியேறும். நெடுந்தூரம் ஓட்டி வந்த உடனே, ஆயில் இறங்கும் துளையை அடைத்திருக்கும் ட்ரெயின் போல்ட்டைத் திறப்பது மறுகோடியில் நிற்கும் தவறு. அப்போது ஆயில் 90 டிகிரிக்கு மேலும் இருக்கக்கூடும், விரலில் பட்டால் வழிந்து போகாமல் ஒட்டிக்கொண்டு சுடும். கையுறை அணிந்த கையால் என்ஜினின் அடிப்பகுதியைத் தொட்டு, சூடு பொறுக்கும்படி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது போதுமானது.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தியபின், ட்ரெயின் போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன்பே, மேலே ஆயில் ஊற்றும் மூடி கழல்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பழைய ஆயிலை முழுவதும் இறக்கிவிட்டு, புதியதை ஊற்ற வழியில்லாமல் இறுகிப்போன மூடியுடன் மல்லுக்கட்டும் நிலை அப்போது வராது. மூடியைத் திறந்து வைத்தால் ஆயில் வேகமாக இறங்கும் என்றும் சொல்வதுண்டு. ப்ரீதர் குழாய் வழியாக என்ஜினுக்குள் ஏற்கெனவே காற்று புகுவதால், அதில் பெரிய வேறுபாடு இருக்காது.

ஸ்பேனரால் தளர்த்தியபின் போல்ட்டை விரல்களால் சுழற்றும் கட்டத்தில்தான் முதல் சிந்தல் நிகழ்கிறது. மரை முழுவதும் விடுபடுவதற்கு முன்பே அதன் பள்ளங்கள் வழியாக எண்ணெய் கசிந்து விரல்களில் வழியும். பதற்றத்தில் போல்ட்டை விட்டுவிட, அது வாஷரோடு பேசினுக்குள் விழும். இந்தப் பதற்றத்துக்குத் தேவையே இல்லை. போல்ட்டுக்கு மேலே 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய் நிற்கிறது என்றும், துளையின் விட்டம் 12 மில்லிமீட்டர் என்றும் கொண்டால், அந்த எண்ணெய் போல்ட்டை வெளியே தள்ளும் விசை வெறும் 10 கிராம் எடைக்குச் சமம். ஒரே விரலின் மெல்லிய அழுத்தம் அதைத் தடுத்து நிறுத்திவிடும். ஆகவே கடைசிச் சுற்றுகளில் போல்ட்டை உள்நோக்கி அழுத்தியபடியே கழற்றி, மரை முழுவதும் விடுபட்டது என்று விரலுக்குத் தெரிந்த கணத்தில், எண்ணெய் பாயப்போகும் திசைக்குக் குறுக்காகச் சட்டென்று இழுத்துவிட வேண்டும்.

இனி எண்ணெய்த் தாரை எவ்வளவு தூரம் பாயும் என்பது. பாத்திரத்தின் துளையிலிருந்து வெளியேறும் திரவத்தின் வேகம், துளைக்கு மேலே நிற்கும் திரவத்தின் உயரத்தை மட்டுமே பொறுத்தது என்று இத்தாலியரான எவாஞ்சலிஸ்டா டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு அந்த வேகம் நொடிக்கு 1.4 மீட்டர். துளை பக்கவாட்டில் பார்த்தபடி, பேசினின் அடிமட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே இருந்தால், தாரை ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் தள்ளிப் போய் விழும். உள்ளே மட்டம் ஒரு சென்டிமீட்டருக்கு இறங்கிவிட்டபோதோ வெறும் 8 சென்டிமீட்டர் தொலைவிலேயே விழும். பாகுநிலையின் காரணமாக உண்மையில் இரண்டு எண்களும் இன்னும் சற்றுக் குறையும் என்றாலும், ஒன்றுக்கு மூன்று என்ற விகிதம் ஏறத்தாழ அப்படியே இருக்கும். போல்ட்டுக்கு நேர் கீழே பேசினை வைப்பவர் தொடக்கத்தில் தரையை நனைக்கிறார். தாரை விழும் இடத்தில் வைத்துவிட்டு எழுந்து போகிறவர் முடிவில் நனைக்கிறார். துளை நேர் கீழ்நோக்கி அமைந்த என்ஜின்களில் இந்தச் சிக்கல் எழாது. சாய்வாகவோ பக்கவாட்டிலோ அமைந்தவற்றில் அகலமான, தாழ்ந்த விளிம்புடைய பேசினே சரியான தேர்வு. சிறு என்ஜின்களில் இருப்பது ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில்தான் என்பதால் ஆழமான வாளி தேவையில்லை.

தாரை வலுவிழந்ததும் மூன்றாவது கட்டம் தொடங்குகிறது. டம்ளரிலிருந்து காபியை டபராவுக்கு மெதுவாகச் சாய்க்கும்போது, அது விளிம்பைவிட்டுப் பிரியாமல் டம்ளரின் வெளிச்சுவரோடு ஒட்டி வழிவதைப் பார்த்திருக்கிறோம். இங்கும் அதுவே நடக்கிறது. இதற்குத் தேநீர்க் கெண்டி விளைவு என்று 1956-இல் அறிவியலாளர் மார்க்கஸ் ரெய்னர் பெயரிட்டார். வேகம் குறைந்த திரவம் விளிம்பில் வளைந்து திரும்பும்போது அதனுள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று அதைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கிறது. பரப்பு எந்த அளவுக்கு நனையக்கூடியதோ அந்த அளவுக்கு இந்த ஒட்டுதல் வலுவாகும் என்பதைப் பின்னாளில் வந்த ஆய்வுகள் காட்டின. எண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் பாதிக்கும் குறைவு என்பதால், அது உலோகத்தில் எளிதாகப் படர்ந்து, என்ஜினின் அடிப்பரப்பைப் பிடித்துக்கொண்டே நகர்ந்து, ஸ்டாண்டின் கம்பியிலோ சைலன்சர் குழாயிலோ போய்ச் சேர்ந்து, பேசினுக்கு வெளியே சொட்டுகிறது.

இதைத் தடுக்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. காலியான பிளாஸ்டிக் பாட்டிலை நீளவாக்கில் வெட்டினால் கிடைக்கும் வாய்க்கால் போன்ற துண்டை, துளைக்குச் சற்றுக் கீழே என்ஜினோடு ஒட்டிச் செருகி, மறுமுனையைப் பேசினுக்குள் சாய்த்துவிட வேண்டும். வெட்டப்பட்ட கூர்மையான விளிம்பில் திரவம் வளைந்து திரும்ப இடமில்லாததால், அங்கே அது பிரிந்து நேராக விழுந்துவிடும். வெட்டிய ஓரம் கையைக் கிழிக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பிறகு சொட்டுவது நிற்கவே நிற்காது போலத் தோன்றும். செங்குத்தான பரப்பில் படிந்த திரவப் படலம் வடிவது பற்றி ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹெரால்டு ஜெஃப்ரிஸ் 1930-இல் தந்த கணக்கின்படி, படலத்தின் தடிமன் பாதியாகக் குறைய நேரம் நான்கு மடங்காக வேண்டும். இளஞ்சூடான ஆயிலில், 10 சென்டிமீட்டர் உயரச் சுவரின் அடியில், ஒரு நிமிடம் கழித்து 0.07 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கும் படலம் 4 நிமிடத்தில் பாதியாகவும், 16 நிமிடத்தில் கால் பங்காகவும் குறையும். அடுத்த பாதிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். எனவே கால் மணி நேரம் காத்திருப்பது நியாயம், இரவு முழுவதும் வடியவிடுவது வீண். பேப்பர் ஃபில்டர் உள்ள வண்டிகளில் இந்த இடைவெளியிலேயே அதன் மூடியையும் கழற்றிவிடலாம். அந்த அறைக்குள்ளும் சிறிது ஆயில் தேங்கியிருக்கும் என்பதால் அதன் கீழேயும் பனியன் வேஸ்ட்டை வைக்க வேண்டும்.

போல்ட்டை மீண்டும் மாட்டும்போது செய்யும் பிழை, ஒரு வாரம் கழித்து வாசலில் சொட்டாக வெளிப்படும். வாஷர் மென்மையான அலுமினியத்தாலோ செம்பாலோ ஆனது. இறுக்கும்போது நசுங்கி, இரு பரப்புகளின் நுண்ணிய மேடு பள்ளங்களை நிரப்புவதுதான் அதன் வேலை. ஒருமுறை நசுங்கியது அடுத்த முறை அதே அளவுக்கு நசுங்காது என்பதால், சில ரூபாய் விலையுள்ள அதை ஒவ்வொரு முறையும் மாற்றுவதே சரி. கையேடுகள் இந்த போல்ட்டுக்குப் பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைச் சொல்கின்றன. 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் முனையில் 12 கிலோ எடை தொங்குவதற்கு அது ஏறத்தாழச் சமம். உடல் பலம் முழுவதையும் அதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. போல்ட் எஃகு, அது ஏறும் மரை அலுமினியம். அளவு மீறினால் அழிவது என்ஜின் பக்கத்து மரைதான்.

புதிய ஆயிலை ஊற்றும்போது கேன் ‘குபுக் குபுக்’ என்று துள்ளுவது, எண்ணெய் கழுத்தை முழுவதும் அடைத்துக்கொள்வதால்தான். வெளியேறிய எண்ணெயின் இடத்தை நிரப்பக் காற்று அதே வழியாக முட்டி மோதி உள்ளே வர வேண்டியிருக்கிறது. வாய் ஓரமாக அமைந்த கேனை, அந்த வாய் மேற்பக்கம் இருக்கும்படி படுக்கைவாக்கில் சாய்த்தால், எண்ணெய் கழுத்தின் கீழ்ப்பாதியில் ஓட, மேற்பாதி வழியாகக் காற்று தடையின்றிப் போகும். பார்ப்பதற்குத் தலைகீழாகத் தோன்றும் இந்தப் பிடிதான் சரியானது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்சும் கியர்களும் இதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கின்றன. ஆகவே கேனின் மேல் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் கலந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் நழுவக்கூடும். அளவில் 100 மில்லி குறைவாக ஊற்றி, என்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, அதே அளவு நேரம் நிறுத்திவைத்தபின், ஆயில் மட்டத்தைக் காட்டும் டிப் ஸ்டிக்கில் பார்த்து மீதியைச் சேர்க்கலாம். டிப் ஸ்டிக்கை மரையில் திருகிப் பார்க்க வேண்டுமா, வெறுமனே செருகிப் பார்க்க வேண்டுமா என்பது வண்டிக்கு வண்டி மாறுவதால் கையேட்டையே நம்ப வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் சிந்தினால், அதன் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. எண்ணெய் மிதந்து பரவுமே தவிரக் குறையாது. மரத்தூளைத் தூவி ஒரு மணி நேரம் விட்டால், துகள்களுக்கு இடையிலும் அவற்றின் நுண்துளைகளிலும் எண்ணெய் ஏறிவிடும்; அதைக் கூட்டி அள்ளியபின் சோப்புத் தூளால் தேய்க்கலாம். பேசினில் சேர்ந்ததைச் சென்ட்ரிங் தகடுகளில் பூசவும், கரையானுக்கு மரத்தில் அடிக்கவும் கேட்டு வாங்குவோர் நம்மூரில் உண்டு. எரிதலில் உண்டான நச்சுச் சேர்மங்கள் அதில் சேர்ந்திருப்பதால் அப்படிக் கொடுப்பது எனக்கு ஏற்புடையதன்று. இந்தியச் சட்டத்தில் பயன்படுத்திய எண்ணெய் அபாயகரக் கழிவு. தயாரிப்பாளர்களே அதன் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்கும் விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. புதிய ஆயில் வந்த அதே கேனில், பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கலக்காமல் நிரப்பி, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் ஒப்படைக்கலாம். எரிபொருள் கலந்துவிட்ட ஆயிலைச் சுத்திகரிப்பது கடினம்.