நிமோனியா நோயாளியை சிஸ்டர் ஏன் படுக்க விடுவதில்லை?

"இன்னா சிஸ்டர், இப்பத்தான் அப்பா கண்ணசந்தாரு, அதுக்குள்ள எழுப்பி உக்கார வெக்கிறீங்க?" ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் வார்டுகளில் கேட்டுப் பழகிய குரல்தான். நியாயமான கேள்வியும்கூட.

நிமோனியாவில் நுரையீரலின் காற்றுப்பைகளில் ஒரு பகுதி சீழாலும் நீராலும் நிறைந்துவிடும். அங்கே போகும் ரத்தம் ஆக்சிஜன் ஏறாமலே திரும்பும். ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும், சரி. அதுவரை மூச்சு தாங்க வேண்டாமா? மல்லாந்து படுத்தால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்தை வயிறு மேலே தள்ளும். முதுகுப்பக்கக் காற்றுப்பைகள் அமுங்கும். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தினால் உதரவிதானம் இறங்க இடம் கிடைக்கிறது. எச்சிலும் கஞ்சியும் மூச்சுக்குழாய்க்குள் வழுக்கிப்போகும் ஆபத்தும் குறைகிறது.

ஒருக்களித்துப் படுப்பதிலும் கணக்கு உண்டு. மழை நாளில் தண்ணீர் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையைத் தேடிப்போவதுபோல, நுரையீரலில் ரத்தமும் தாழ்ந்த பக்கமே அதிகம் பாயும். வலப்பக்கம் நிமோனியா என்றால் பெரியவர்களை இடப்பக்கமாகப் படுக்க வைப்பார்கள். நல்ல நுரையீரல் கீழே இருக்க, ரத்தம் காற்றுள்ள இடத்துக்குப் போகும். நுரையீரலில் சீழ்க்கட்டியோ ரத்தக்கசிவோ இருந்தால் இது தலைகீழ்: கெட்ட பக்கம் கீழே. இல்லாவிட்டால் சீழோ ரத்தமோ நல்ல பக்கத்துக்கும் வழியும். ஆகவே பக்கத்துக் கட்டிலைப் பார்த்து நாமாகத் திருப்பிவிடக் கூடாது.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியை எல்லாரும் பார்க்கிறோம். சிஸ்டர் நெஞ்சைப் பார்த்து மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுவதை யாரும் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வேலை. ஆக்சிஜன் குறையப் பார்த்தால் உடம்பு முதலில் மூச்சின் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கும். கருவியில் எண் நன்றாகவே தெரியும், மூச்சு மட்டும் ஓடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 இயல்பு. 30-ஐத் தொட்டால் டாக்டரைக் கூப்பிடுவார்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் பேச்சு மட்டும் குழறலாம், ஆள் அடையாளம் தடுமாறலாம். அதையும் உடனே சொல்லுங்கள்.

"ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டி வைங்க" என்று கெஞ்சுவதும் வழக்கம். பொதுவாக அந்த விரல் கருவியில் 94 முதல் 98 சதவீதம் காட்டினால் போதும். ஆண்டுக்கணக்கில் பீடியும் புகையும் நுரையீரலைக் கெடுத்து சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வந்தவர்களுக்கு 88 முதல் 92தான் இலக்கு. அதற்குமேல் கூட்டினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கி மயக்கம் வரலாம்.

வீட்டார் செய்ய வேண்டியதும் இருக்கிறது: தினமும் வாயைச் சுத்தம் செய்வது. வாயில் வளரும் கிருமிதான் எச்சிலோடு நுரையீரலுக்கு இறங்குகிறது. கஞ்சியை நிமிர்ந்து உட்கார வைத்தே ஊட்டுங்கள். குடித்த பிறகு அரை மணி நேரமாவது சாய்க்காதீர்கள்.