குரோன்ஸ் நோயைக் காட்டிக்கொடுக்கும் ஸ்டெயின் எதுவும் கிடையாது

‘குரோன்ஸ்தானா என்று உறுதிசெய்ய இம்யூனோ ஸ்டெயின் போடவும்.’ இப்படி எழுதிய சீட்டோடு, குடலில் எடுத்த துண்டை (பயாப்சி) மெழுகில் பதித்த பிளாக் வருவது எங்கள் பெத்தாலஜி லேபில் வழக்கமாகிவிட்டது. குரோன்ஸ் என்பது குடலில் நீடிக்கும் ஓர் அழற்சி நோய். ஸ்டெயின் என்பது திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஏற்றும் சாயம்; இம்யூனோ என்பது குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் காட்டும் வகை. கடைசியாக வந்தது ஒரு கல்லூரி மாணவனுடையது. பல மாத வயிற்றுவலி, எடை குறைந்திருக்கிறது, சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் புண். முதல் ரிப்போர்ட்டில் ‘கிரானுலோமா’ (அழற்சி செல்கள் திரண்ட சிறு முடிச்சு) என்ற சொல்லைப் பார்த்ததுமே, குரோன்ஸ் என்று நினைத்து, நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டை ஆரம்பித்துவிட்டார்கள். பிளாக்கை இன்னும் ஆழமாக வெட்டிப் பார்த்தால், ஒன்றோடொன்று ஒட்டிய பெரிய கிரானுலோமாக்கள், நடுவே செத்துப்போன திசு. காசநோய். ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடம்பெல்லாம் பரவலாம்.

ஸ்டெயின் என்றதும், மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவப்பது போல, நோய் இருந்தால் திசு நிறம் மாறும் என்று நினைக்கிறார்கள். நோயாளிகள் நினைப்பதில் தவறில்லை. டாக்டர்களும் அப்படி நினைப்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஸ்டெயினுக்கு நோயின் பெயர் தெரியாது. சிடி68 என்ற இம்யூனோ ஸ்டெயின் போட்டால், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் பழுப்பாகத் தெரியும். அந்தச் செல் காசநோய் கிரானுலோமாவிலும் உண்டு, குரோன்ஸ் கிரானுலோமாவிலும் உண்டு. சிடி3 போட்டால் டி லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் தெரியும். அவை சாதாரணக் குடலிலேயே இருப்பவை. விலை உயர்ந்த ஸ்டெயினாக ஐந்து போட்டாலும், இது குரோன்ஸ், இது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் வரும் இன்னொரு நாள்பட்ட அழற்சி நோய்) என்று எதுவும் பிரித்துச் சொல்லாது.

சொல்வது பழைய ஹிமடாக்சிலின்–இயோசின் ஸ்டெயின்தான். உட்கரு நீலம், மற்றது இளஞ்சிவப்பு, அவ்வளவே. அதில் நாங்கள் அமைப்பைப் படிக்கிறோம். நல்ல பெருங்குடலில் சுரப்பிகள் நேராக, ஒரே சீராக நிற்கும். அழற்சி மாதக்கணக்கில் நீடித்தால் அவை கிளைவிடும், குட்டையாகும், அடியில் பிளாஸ்மா செல்கள் (ஒரு வகை வெள்ளை அணுக்கள்) திரளும். போன வாரம் பிடித்த தொற்றில், முதலில் ஓடிவரும் வெள்ளை அணுக்களான நியூட்ரோஃபில்கள் குவிந்திருந்தாலும் சுரப்பிகளின் வரிசை கலைந்திருக்காது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெரும்பாலும் மலக்குடலில் தொடங்கி இடைவெளியில்லாமல் மேலே ஏறும். குரோன்ஸ் விட்டுவிட்டு வரும். அதனால்தான் புண்ணில் மட்டும் எடுக்காமல், நன்றாக இருப்பதாகத் தெரியும் இடத்திலும் எடுங்கள் என்று கெஞ்சுகிறோம். சிறுகுடல் முனை, மலக்குடல் உட்பட ஐந்து இடங்கள், ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு துண்டு, தனித்தனி பாட்டிலில். எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் போட்டு, சீட்டில் ‘கொலைட்டிஸ்?’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் எதை வைத்துச் சொல்வது?

அப்படியென்றால் சிறப்பு ஸ்டெயின்களே வேண்டாமா? வேண்டும். கூட இருக்கும் எதிரியைப் பிடிக்க அவை வேண்டும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு ஸ்டீராய்டு கொடுத்தும் ரத்தப்போக்கு நிற்கவில்லையா, சைட்டோமெகலோ வைரஸுக்கு இம்யூனோ கேளுங்கள். சாதாரண ஸ்டெயினில் கண்ணுக்குத் தப்பும் ஒன்றிரண்டு செல்களைக்கூட அது காட்டிவிடும், சிகிச்சையே மாறும். அமீபா சந்தேகம் இருந்தால் பிஏஎஸ் ஸ்டெயின். நம் ஊரில் அமீபா புண்ணைக் குடல் அழற்சி நோய் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் குடலே ஓட்டையாகலாம். பல வருட அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் புற்றுக்கு முந்தைய மாற்றமா என்ற சந்தேகத்தில் பி53 இம்யூனோ துணைக்கு வரும். துணைக்குத்தான், அங்கேயும் இரண்டாவது பெத்தாலஜிஸ்ட் பார்த்து ஒத்துக்கொள்ள வேண்டும்.

சீல்–நீல்சன் ஸ்டெயின் பற்றி ஒரு வார்த்தை. காசநோய்க் கிருமி அதில் சிவப்புக் குச்சியாகத் தெரியும். தெரிந்தால் பிரச்சினை முடிந்தது. ஆனால் குடல் காசநோயில் கிருமிகள் மிகக் குறைவு; பெரும்பாலான பயாப்சிகளில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. ஆகவே ‘நெகட்டிவ்’ என்ற ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு டிபி இல்லை என்று தயவுசெய்து முடிவுகட்டாதீர்கள். இரண்டு துண்டுகளை ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போடாமல் சலைனில் (உப்புநீர்) தனியாக அனுப்புங்கள், கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை). ஃபார்மலினில் விழுந்த கிருமி கல்ச்சரில் வளராது. அதே சமயம், எங்களுக்கு வரவேண்டிய துண்டைச் சலைனில் போட்டு ராத்திரி முழுக்க வைத்தால் அது அழுகி வரும். இதை எத்தனை முறை போனில் சொல்வது!

எல்லாம் பார்த்தும் பிரிக்க முடியாத கேஸ்கள் உண்டு. அப்போது டிபி மாத்திரை கொடுத்து, சுமார் இரண்டு மாதத்தில் மறுபடி கொலோனோஸ்கோபி செய்து புண் ஆறுகிறதா என்று பார்ப்பது இங்கே நடைமுறை. வலி குறைந்தது, பசி எடுக்கிறது என்பதை மட்டும் நம்பக்கூடாது. குரோன்ஸ் நோயாளிக்கும் அந்த மாத்திரையில் கொஞ்சம் நன்றாக இருப்பது போலத் தோன்றும். புண்ணைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

நோயாளிகளின் வீட்டாருக்கு: பயாப்சி என்றாலே கேன்சர் என்று பயந்து எடுக்க மறுக்காதீர்கள். இன்னொரு டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட் பேப்பரை மட்டும் கொண்டுபோனால் போதாது. ஸ்லைடு, பிளாக், கொலோனோஸ்கோபி படங்கள், இதுவரை சாப்பிட்ட மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிளாக் இருந்தால் வருடங்கள் கழித்தும் புதிதாக வெட்டிப் பார்க்கலாம். ஸ்டீராய்டு தொடங்கப் போகிறார்கள் என்றால், ‘டிபி இல்லைன்னு எப்படிப் பாத்தீங்க டாக்டர்?’ என்று தயங்காமல் கேளுங்கள்.